சீனி வியாதியுள்ள கர்ப்பிணியும் றமழான் நோன்பும்



றமழான் நெருங்கும்போது கர்ப்பிணிச் சகோதரிகள் சிலர் கேட்கின்றனர்: "கிளினிக்கில் சீனி கூடியிருப்பதாகச் சொல்லி இன்சுலின் தந்துள்ளார்கள். நோன்பை விட்டால் மாமி என்ன நினைப்பார்?" இக்கேள்வியின் பிற்பாதியே என்னைக் கவலைகொள்ளச் செய்கின்றது.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஓமோன்கள் இன்சுலினின் செயலைத் தடுக்கின்றன. ஆதலால் முன்னர் சீனி வியாதி இல்லாத பெண்ணுக்கும் அது தோன்றலாம். 24 முதல் 28 வாரங்களுக்குள் குளுக்கோஸ் நீர் பருகக் கொடுத்து இரத்தத்தைப் பரிசோதிப்பது இதற்காகவே. தாயின் இரத்தத்தில் மிகும் சீனி சிசுவைச் சென்றடைகின்றது; சிசு அளவு மீறிப் பருக்கின்றது; பிரசவம் கடினமாகின்றது; பிறந்தவுடன் பிள்ளையின் சீனி மட்டம் திடீரெனத் தாழ்ந்துவிடவும் கூடும். ஊசி மூலம் ஏற்றும் இன்சுலின் குழந்தையைப் பாதிக்கும் என அஞ்சி அதை ஒளித்து வைப்போரும் உளர். அந்த அச்சம் தேவையற்றது.

மார்க்கம் என்ன கூறுகின்றது? நோயாளிக்கு ஸூரத்துல் பகராவிலேயே சலுகை உண்டு. கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் அல்லாஹ் நோன்பைத் தளர்த்தியுள்ளான் என்ற நபிமொழி திர்மிதியில் பதிவாகியுள்ளது. ஷாபிஈ மத்ஹபின்படி, தனக்கோ, தனக்கும் சிசுவுக்கும் சேர்த்தோ தீங்கை அஞ்சி நோன்பை விட்டவள் பின்னர் கழாச் செய்தல் போதுமானது. சிசுவுக்காக மட்டும் அஞ்சியிருப்பின், கழாவுடன் நாளொன்றுக்கு ஒரு முத்து அரிசி பித்யாவாகவும் கொடுத்தல் வேண்டும். நோன்பு தீங்கு தரும் என நம்பகமான வைத்தியர் கூறிய பின்னரும் ஊராரின் வாய்க்கு அஞ்சி நோன்பு நோற்பது தக்வா ஆகாது. மாமிமாரே, உங்கள் மருமகளிடம் இதனை நீங்களே முதலில் கூறிவிடுங்கள்.

வைத்தியர் அனுமதித்து நோன்பு நோற்பவர் விரல் நுனியில் குத்தி இரத்தம் பார்க்கலாம், நோன்பு முறியாது. சீனி மட்டம் 70 மில்லிகிராமிற்குக் கீழே இறங்கினால், மஃரிபுக்கு ஐந்து நிமிடமே எஞ்சியிருப்பினும் நோன்பைத் திறந்துவிட வேண்டும். இப்தாரின்போது "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று வட்டிலப்பத்தையும் தொதலையும் அவளது தட்டில் வைப்பது அன்பாயினும், தீங்கே விளையும்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பிறந்து 6 முதல் 12 வாரங்களுக்குள் தாயின் இரத்தத்தை மீண்டும் பரிசோதிக்க வேண்டும். பிள்ளை கைக்கு வந்ததும் பலர் இதை மறந்துவிடுகின்றனர். பிற்காலத்தில் அவளுக்கு நிரந்தரமாகவே சீனி வியாதி ஏற்படும் வாய்ப்பு அதிகம். அத்தினத்தைக் குறித்து வைத்து நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

வஸ்ஸலாம்.