யோகம் கற்பிப்பார்க்குச் சான்று வேண்டுமா?
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டு நம் காலனிப் பூங்காவில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலைதோறும் யோகம் கற்பிக்க வந்த ஒருவர், இரத்தக் கொதிப்புள்ள நம் மாமி ஒருவரைக் கபாலபாதி செய்யப் பணித்தார். மாமி மயங்கிச் சாய்ந்தார். உயிருக்கு ஊறு நேராதது நம் நல்லூழ். இரத்தக் கொதிப்பும் இதய நோயும் உடையார் அப்பயிற்சியைத் தவிர்த்தல் வேண்டும் என்பது இக்கலையின் தொடக்கப் பாடம். அதனை அறியாதவரிடம் நம் தாய்மாரை ஒப்படைத்தோம். அவரை அழைத்து வந்தவர்களும் நாமே. ஆதலின் பிறரைக் குறை கூற நமக்கு நா எழவில்லை.

அன்று மாலையே எங்களில் நால்வர் ஒரு முடிவுக்கு வந்தோம். முறையாகக் கற்றுத் தேர்வெழுதிச் சான்று பெற்றவரே இனி இங்குக் கற்பிக்க வேண்டும். அந்தச் சான்றை நாமே பெற்றால் என்ன?

மும்பைவாசிகளாகிய நமக்கு இக்கல்வி அயலதன்று. யோகேந்திரர் 1918-இல் தொடங்கிய யோக நிலையம் சாந்தாகுரூஸில் இருக்கிறது. லோனாவாலாவில் குவலயானந்தர் 1924-இல் கைவல்யதாமத்தை நிறுவி, மூச்சையும் ஆசனத்தையும் ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கத் தலைப்பட்டார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரிப்பதை நம் பெரியோர் அறிவர்.

குருவின் சொல்லே சான்றாயிருந்த துறைக்கு அரசு முத்திரை எதற்கு என்று சிலர் வினவினர். குருவோடு பல்லாண்டு உறைந்து பயின்றவர்க்கு அவ்வினா பொருந்தும். முகநூலில் படம் பார்த்துப் பயின்றவர்க்குப் பொருந்துமா? மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2018-இல் யோகச் சான்றளிப்பு வாரியத்தை அமைத்தது. அதன் முதற்படிக்கு 200 மணி நேரப் பாடத்திட்டம். அடுத்த படிக்கு 400 மணி. உயர்நிலைகளுக்கு இன்னும் மிகுதி. பதஞ்சலியார் நூலும் உண்டு. எலும்பு, தசை, மூச்சு மண்டலம் ஆகியவையும் உண்டு. பத்மாசனம் எளிது, எலும்புகளின் பெயர்களை ஐம்பது வயதில் மனனம் செய்வதே எங்களுக்குப் பெருந்தவமாயிற்று!

எழுத்துத் தேர்வில் நால்வரும் தேறினோம். செய்முறைத் தேர்வில் மூவரே தேறினோம். தேறாதவர், எங்களுள் ஆசனங்களை மிக அழகாகச் செய்பவர். கற்பித்துக் காட்டுக என்றதும் அவர் தாமே வளைந்தார், நிமிர்ந்தார், முழங்காலை நெற்றி தொடச் செய்தார். எதிரே நின்றவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தவிப்பதை ஒருமுறையும் நோக்கினாரில்லை. அவர் தோற்றது எங்களுக்கு வருத்தமே. ஆயினும் பூங்காவில் மாமி சாய்ந்தபோது கற்பித்தவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார் என்பது எங்கள் நினைவுக்கு வந்தது. தேர்வாளர் செய்தது சரியென்றே கருதினோம். அந்த அம்மையாரும் அவ்வாறே கூறி, மீண்டும் எழுத விண்ணப்பித்துள்ளார்.

வரும் திங்கள் முதல் காலை ஆறு மணிக்குச் சங்க மண்டபத்தில் வகுப்பு நடைபெறும். கட்டணமில்லை. வருவோர் தத்தம் நோய்களையும் உண்ணும் மருந்துகளையும் முதல் நாளே மறைக்காமல் எழுதித் தருதல் வேண்டும். மாமி முதல் வரிசையில் நாற்காலியில் அமர்ந்து மூச்சுப் பயிற்சி மட்டும் செய்ய இசைந்திருக்கிறார்; மருத்துவரின் ஒப்புதலும் பெற்றுவிட்டோம்.