தலைக்காயத்துக்குப் பின் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளை

(சித்தன்னவாசலில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்த ஊரில் உட்கார்ந்து அதைப் பேசினால் ஏழடிப்பட்டம்தான் முதலில் கண்முன் வருகிறது. சுற்றுலா வரும் பிள்ளைகளைக் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, வரிசை குலையாமல் ஏற்றி இறக்குகிறோம். விழாமல் பார்த்துக்கொள்ள நமக்குத் தெரியும். எங்கேயோ விழுந்து, தலையில் அடிபட்டு, தையல் பிரித்து வகுப்புக்குத் திரும்பிவிட்ட பிள்ளையை எப்படிக் கவனிப்பது என்பதில்தான் நமக்குப் பயிற்சி போதாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா என்னைப் பார்க்க வந்தார். பையன் மாமாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது விழுந்தவன். மூன்று வாரத்தில் பள்ளிக்கு வந்துவிட்டான். ஆனால் அரையாண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் மதிப்பெண் சரிந்துவிட்டது. அந்த அம்மா மருத்துவமனைக் காகிதங்களை ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

“சார், ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க. ஆனா பிள்ளை பழைய மாதிரி இல்லையே. கடைக்கு அனுப்பினா எதுக்கு வந்தோம்னு மறந்துட்டு நிக்கிறான். எடுத்ததுக்கெல்லாம் கோபம். அவங்கப்பா நடிக்கிறான்னு அடிக்கிறாரு. பள்ளிக்கூடத்துல எப்படி சார் இருக்கான்?”

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். மருத்துவர் அவனைப் பத்து நிமிடம் பார்க்கிறார். நாம் ஒரு நாளில் எட்டுப் பாடவேளை பார்க்கிறோம்.

சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவு தெரியும், மண்டையோட்டு முறிவு தெரியும். மூளை குலுங்கியதில் நரம்பிழைகளுக்கு ஏற்படும் நுண்ணிய பாதிப்பு பெரும்பாலும் அதில் தெரியாது. லேசான அடி என்றால் பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். பலமான அடியாக இருந்தால் ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும். தலைவலி, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் தாமதம், சொன்னது உடனே மறந்துபோவது, மதியத்துக்குமேல் சோர்வு, காரணமில்லாத எரிச்சல். இவை அத்தனையும் வகுப்பறையில் சோம்பேறித்தனம் போலவும் திமிர் போலவும்தான் தோன்றும். இன்னொன்றும் உண்டு. திட்டமிடவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது. ஆறாம் வகுப்பில் பட்ட அடியின் குறை, பாடச்சுமை கூடும் ஒன்பதாம் வகுப்பில் வெளிப்படலாம். அப்போது பழைய அடியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்தப் பையனுக்காகப் பாட ஆசிரியர்கள் எல்லோரும் இரண்டு வாரம் குறிப்பு எழுதினோம். எந்தப் பாடவேளையில் தலையைக் கவிழ்த்தான், எத்தனை வரி எழுதினான், எப்போது கோபப்பட்டான் என்று. ‘கவனமில்லை’ போன்ற தீர்ப்புகள் வேண்டாம், கண்டதை மட்டும் எழுதுங்கள் என்று பேசி வைத்துக்கொண்டோம். அம்மா அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள்களைக் கொண்டுபோனார். இந்த முறை மருத்துவர் நிறையக் கேள்வி கேட்டார் என்று வந்து சொன்னார். அப்பாவும் அடிப்பதை நிறுத்தினார். என்னைக் கேட்டால் பெரிய பலன் அதுதான். பையன் முழுவதும் பழையபடி ஆனானா என்றால், இல்லை.

பெற்றோரின் இந்தக் கேள்வி ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றியிருக்கிறது. 2006 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 13 வயதான சாக்கரி லிஸ்டெட் என்ற மாணவனுக்குப் பள்ளிக் கால்பந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டது. அது ஆளை ஆள் மோதி வீழ்த்தும் அமெரிக்கக் கால்பந்து. சற்று நேரம் வெளியே இருந்தவன் இடைவேளைக்குப் பிறகு மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளை வீக்கத்துக்கு அவசர அறுவை நடந்தது. முதல் சொல் பேச ஒன்பது மாதம் ஆனது. அவனை யார் மறுபடி ஆட அனுமதித்தது, ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று பெற்றோர் விடாமல் கேட்டார்கள். 2009 மே மாதம் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே அன்று ஆட்டத்திலிருந்து நீக்க வேண்டும். தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதி தந்தால்தான் மீண்டும் ஆடலாம். பெற்றோருக்கும் மாணவருக்கும் ஆண்டுதோறும் இதைத் தெரிவித்துக் கையொப்பம் வாங்க வேண்டும். 2014க்குள் அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் இப்படிப்பட்ட சட்டங்கள் வந்துவிட்டன.

நம்மிடம் மருத்துவம் இல்லாமல் இல்லை. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது நம் வேலூரில்தான். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். 49ஆவது மணி நேரத்திலிருந்து குடும்பம் தனியாக நிற்கிறது.

அங்கே நம்மால் ஆகக்கூடியது கொஞ்சம் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மூளைக்காயம் என்று தனிப்பெயர் கிடையாது. அதனால் பட்டியலைப் பார்த்துவிட்டு ‘உங்களுக்கு இடமில்லை’ என்று பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டாம். காயத்தால் வந்த குறைபாடு கை கால் இயக்கமா, அறிவுத்திறனா, பேச்சா, பார்வையா என்பதை வைத்து மருத்துவக் குழு முடிவு செய்யும். சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். கடைசி நேரத்தில் ஓடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரையும் இயன்முறை மருத்துவரையும் தேடிப் போங்கள். சான்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. முன்வரிசை இருக்கை, பாதி வீட்டுப்பாடம், நடுவில் பத்து நிமிட ஓய்வு. இவற்றுக்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

கடைசியாக மைதானம். நம் பக்கம் கபடிதான். எதிராளியின் முழங்காலில் தலை மோதாத கபடி உண்டா? சோடா குடித்துவிட்டு மறுபடி இறங்குவதுதான் வீரம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், நம்மில் சிலரும்தான். மோதியவன் அன்று ஆட வேண்டாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் அல்லது இரத்தம் வடிதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. ஒன்றுமே இல்லாவிட்டாலும் வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். இரவில் கவனிக்கப்போவது அவர்கள்தானே.

வட்டார அளவிலான போட்டிகள் வரும்போது ஒவ்வொரு அணியுடனும் போகும் ஆசிரியர்களில், ‘நீ இன்று வெளியே உட்கார்’ என்று சொல்லும் பொறுப்பு யாருக்கு என்று முன்கூட்டியே பெயர் எழுதி வையுங்கள். அணியைப் பயிற்றுவித்தவராக அவர் இல்லாதிருந்தால் நல்லது. இறுதி ஆட்டத்தில் இரண்டு புள்ளி பின்தங்கி நிற்கும்போது பயிற்றுவித்தவருக்கு அதைச் சொல்ல வாய் வராது.