சிறியது தந்தை, பெரியது தாய்



பால்மரம் வெட்டிப் பழகிய குடும்பங்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மரங்கள் எத்தனை என்று எண்ணிவிட்டால் மட்டும், தோட்டத்தில் எவ்வளவு பால் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. வெட்டுக்கு வந்த மரம் எத்தனை, இளங்கன்று எத்தனை, பால் வற்றிய கிழமரம் எத்தனை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நீரில் வாழும் மீனைக் கணக்கிடுவதும் இப்படித்தான். இதற்குச் சான்றாக நம் நாட்டு மீன் ஒன்றைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

சரவாக்கிற்கு மாற்றலாகிச் சென்ற ஆசிரியர்கள், விடுமுறையில் ஊர் திரும்பும்போது உப்பிட்ட தெருபோக் மீனை வாங்கி வருவதுண்டு. அதன் சதையைவிடச் சினைக்கே விலை அதிகம். பாத்தாங் லூப்பார், லாசா முதலிய ஆறுகள் கடலோடு கலக்கும் முகத்துவாரங்களில் இம்மீன் முட்டையிடுகிறது. அங்கேதான் மீனவர்களும் வலை விரிக்கின்றனர்.

தெருபோக்கின் வாழ்க்கையில் ஒரு விந்தை உண்டு. அது முதலில் ஆணாகவே வளர்கிறது. ஏறக்குறைய ஒரு வயதில் ஆணாக இனப்பெருக்கத்தில் பங்கு கொள்கிறது. பிறகு பெண்ணாக மாறி, இரண்டாம் ஆண்டில் முட்டையிடுகிறது. அதன் ஆயுளே ஏறத்தாழ இரண்டு ஆண்டுதான். சரவாக்கில் நடந்த ஆய்வின் மூலம் இவ்வுண்மை 1996-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆக, சிறியவை தந்தையர், பெரியவை தாய்மார்.

இதை அறிவதால் பயன் என்ன என்று கேட்கலாம். "சிறிய மீனை விட்டுவிடு, பெரியதைப் பிடி" என்பது நாம் அனைவரும் கேட்ட அறிவுரை. ஒருமுறையேனும் முட்டையிட்ட பிறகு மீன் பிடிபடட்டும் என்பதே அதன் நோக்கம். பல மீன்களுக்கு அது பொருந்தும். தெருபோக்கிற்கோ அது மட்டும் போதாது. பெரிய கண் வலையில் தப்புவன ஆண்கள். சிக்குவன சினை தாங்கிய பெண்கள். தப்பிய ஆண்கள் அடுத்த ஆண்டு தாயாகும்போது அதே வலை காத்திருக்கிறது. நீண்ட ஆயுள் கொண்ட மீனினத்தில் பல வயதுத் தாய்மீன்கள் இருக்கும். ஓராண்டு பொய்த்தாலும் மறு ஆண்டு ஈடு கட்டலாம். தெருபோக்கிற்கு அத்தகைய சேமிப்பு இல்லை.

பால் மாறாத மீன்களிலும் பெரிய தாய்க்குத் தனி மதிப்பு உண்டு. அட்லாண்டிக் கடலின் காட் மீனை எடுத்துக்கொள்வோம். 30 கிலோ எடையுள்ள ஒரு தாய்மீன், தலா 2 கிலோ எடையுள்ள 28 தாய்மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடுகிறது என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அந்த 28 மீன்களின் மொத்த எடையோ 56 கிலோ! எடையை மட்டும் பார்த்துக் கணக்கிட்டால் எவ்வளவு தவறிவிடுவோம், பார்த்தீர்களா?

ஆகவேதான் மீன்வளத்தை மதிப்பிடுவோர், கரைக்கு வந்த மீனின் நீளத்தை அளக்கின்றனர். வயிற்றைக் கீறி ஆணா பெண்ணா, சினை முற்றியதா என்று பார்க்கின்றனர். எந்த மாதத்தில், எந்த இடத்தில் முட்டையிடுகிறது என்று குறிக்கின்றனர். அதன் பிறகே எவ்வளவு பிடிக்கலாம், எங்கே, எப்போது வலையை நிறுத்த வேண்டும் என்று சொல்ல இயலும்.

மீனவரை மட்டும் குறை கூறுவது முறையாகாது. அவருக்கும் அடுப்பு எரிய வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். சினைக்கு அதிக விலை கொடுப்பவர்கள் நம்மைப் போன்றவர்களே அல்லவா?

மரத்தை ஆழ வெட்டினால் இன்று பால் கூடலாம். ஆனால் காயம் பட்ட பட்டை பிறகு ஒழுங்காக வளராது. வெட்டுக்கத்தியைப் பிடித்த கை அறிந்த இந்தப் பாடம், வலை வீசும் கைக்கும் மீன் வாங்கும் கைக்கும் பொருந்தும்.