புது கார் மக்கர் பண்ணினால் வக்கீல் வேண்டுமா?



கடன் வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த கார், மூன்றாவது மாதமே கியர் விழாமல் நடுரோட்டில் நிற்கிறது. சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடந்தாயிற்று. "கோர்ட்டுக்குப் போயிடலாம் மாப்பிள்ளை" என்கிறார் மாமனார். "வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது?" என்கிறார் மனைவி. இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்களே நின்று பேசலாம். காருக்குக் கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டாதவரை மாவட்ட ஆணையம் போதும். எட்டு லட்ச ரூபாய் காருக்குப் புகார்க் கட்டணம் வெறும் 200 ரூபாய்.

வாரன்டியில் செய்யவேண்டிய வேலைக்குக் காசு வாங்கிவிட்டார்கள், பழுதான ஏசியை மாற்றித் தர மறுக்கிறார்கள், இந்த மாதிரி விஷயம் என்றால் நீங்களே போகலாம் என்பேன். பில்லும் வாரன்டிப் புத்தகமும் போதும். அதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். வக்கீலிடம் ஒரு நோட்டீஸ் மட்டும் அனுப்பச் சொல்வதும் உண்டு.

"வேறு கார் கொடு, இல்லையென்றால் முழுப் பணத்தையும் கொடு" என்று கேட்டால்தான் கதை மாறுகிறது. 2006-இல் மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கம்பெனி எடுத்து நீட்டும்: வாரன்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்கே, காரையே மாற்றித் தருவதற்கல்ல. அதைத் தாண்டவேண்டுமானால், கோளாறு தயாரிப்பிலேயே இருந்தது என்று காட்டவேண்டும். வல்லுநர் அறிக்கை வேண்டும். கம்பெனிப் பொறியாளரின் வாக்குமூலத்துக்குப் பதில் சொல்லவேண்டும். இங்கே தனியாக நிற்காதீர்கள்.

வல்லுநர் இல்லாமலே வென்றவர்களும் உண்டு. 2017-இல் டெல்லி–பானிப்பட் சாலையில் ஒரு ஹூண்டாய் கிரெட்டா விபத்துக்குள்ளானது, ஏர்பேக் விரியவில்லை. வாங்குகிறவர் வேகத்தையும் மோதிய விசையையும் கணக்குப் போடத் தெரிந்த இயற்பியல் நிபுணராக இருக்கவேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். காரை மாற்றித் தரச் சொன்ன உத்தரவும் நிலைத்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்தது 2022-இல். மாநில ஆணையம், தேசிய ஆணையம், உச்ச நீதிமன்றம் என்று மூன்று படி ஏறிய வழக்கில், வழக்குச் செலவாகக் கிடைத்தது 50,000 ரூபாய். அதனால் ஃபீஸ் பேசும்போதே, மேல்முறையீடும் இதில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வக்கீல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் பலம் ஜாப் கார்டுதான். வண்டியை விடும்போதெல்லாம் "ஜெனரல் செக்கப்" என்று எழுதிக் கொடுப்பார்கள். விடாதீர்கள். "மூன்றாவது கியர் விழவில்லை" என்று நீங்கள் சொன்னதை அப்படியே எழுதவைத்து, நகல் வாங்குங்கள். அடுத்த சர்வீஸில் சரியாகிவிடும் என்ற பேச்சை நம்பிக் காலத்தைக் கடத்தவும் வேண்டாம். புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் கெடு.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது அந்த ஜாப் கார்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். அவற்றைப் புரட்டிப் பார்க்காமலே "ஜெயிச்சிடலாம் சார்" என்று ஒருவர் சொன்னால், வேறு வக்கீலைப் பாருங்கள்.