தேடலும் சோதனையின் பகுதியே

விலங்காய்வு நெறித் துறையில் என்னைவிட ஆழ உழைத்தவர்கள் எதிரே அமர்ந்திருக்க, தலைமை இருக்கை எனக்கு வாய்த்தது பெருமை. கூடவே சிறு நடுக்கமும். மாநாட்டுப் பொருள் மாற்று, குறைப்பு, செம்மை. விலங்குச் சோதனைக்கான நெறிகளாக 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த இம்மூன்றையும் இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்துவரும் அமர்வுகள் அவற்றைப் பார்த்துக்கொள்ளும். இம்மூன்றுக்கும் முன்னால் நிற்க வேண்டிய ஒன்றைப் பற்றியே பேச விரும்புகிறேன்: விலங்கைத் தொடுமுன் முன்னாய்வுகளை முழுமையாகத் தேடிப் படிப்பது. நெறிமுறைக் குழுவின் படிவத்தில் இரண்டு வரியோடு முடியும் சடங்காக அது தேய்ந்துவிட்டது. தேடல் சோதனையின் ஒரு பகுதி. தேடல் தரமற்றதென்றால் சோதனைக்கு அனுமதியே கூடாது என்பது என் வாதம்.

நிமோடிபின் கதை இதற்குச் சான்று. மூளைக்கு இரத்தம் தடைப்படுவதால் வரும் பக்கவாதத்துக்கு இம்மருந்து பயன்படுமா என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்து முடித்த பிறகே, 2001இல், ஹார்னும் அவருடைய நெதர்லாந்துச் சகாக்களும் விலங்காய்வுகளை முறைப்படி தொகுத்துப் பார்த்தார்கள். கிடைத்த 225 கட்டுரைகளில் தேறியவை 20. அவற்றிலும் பாதிதான் மருந்துக்குச் சாதகம். ஆய்வுத் தரமும் தாழ்வு. அத்தனை நோயாளிகளிடம் சோதிப்பதை நியாயப்படுத்தும் வலுவான ஆதாரம் அங்கே இல்லை. முன்பே தொகுத்திருந்தால் விலங்குகளும் மிஞ்சியிருக்கும், நோயாளிகளும் அலைக்கழிந்திருக்க மாட்டார்கள்.

மறுசோதனை இல்லாமல் அறிவியல் ஏது என்று கேட்பார்கள். உண்மை. ஆனால் முன்னது எது என்று அறிந்து செய்வதே மறுசோதனை. அறியாமல் செய்வது வெறும் விரயம். அச்சேறிய கட்டுரைகளே ஒருபக்கச் சாய்வு கொண்டவை, அவற்றைத் தேடி என்ன பயன் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. சேனாவும் சகாக்களும் 2010இல் ஆராய்ந்த 525 பக்கவாத விலங்காய்வு வெளியீடுகளில், இரத்தமின்றி இறந்த மூளைப்பகுதியின் அளவில் குறிப்பிடத்தக்க விளைவு இல்லை என்று சொன்னவை 2 விழுக்காடே. ஆகவே அச்சேறாதவற்றையும், பல்கலைக்கழக நூலகங்களில் உறங்கும் ஆய்வேடுகளையும் சேர்த்துத் தேட வேண்டும். சாய்வு இருப்பது தேடலை விரிவாக்கக் காரணம், கைவிடக் காரணமாகாது.

கணினித் தரவுத்தளமே போதும், பழைய அச்சு அட்டவணைகள் எதற்கு என்று நெடுநாளாக வாதிடும் நண்பர்கள் இந்த அவையிலும் உண்டு. அவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு; அந்த வாதத்தின்மீது இல்லை. 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வொன்றில் ஹெக்சாமெத்தோனியத்தை மூச்சில் உள்ளிழுத்த, நோயற்ற தன்னார்வலர் ஒருவர் இறந்தார். ஆய்வாளர் தேடிய பப்மெட் தரவுத்தளம் அன்று 1966க்கு முன் செல்லவில்லை. அம்மருந்தால் நுரையீரல் கெடுவதைக் கூறிய கட்டுரைகள் 1950களிலேயே வந்திருந்தன. ‘இன்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்னும் மருத்துவக் கட்டுரை அட்டவணையோ 1879 முதலே அச்சில் வந்தது. அது மனித ஆய்வுதானே என்று தட்டிக்கழிக்க முடியாது. மனித உயிர் சம்பந்தப்பட்ட இடத்திலேயே தேடல் இவ்வளவுதான் என்றால், எலிக்காக யார் நூலகப் படியேறுவார்?

விலங்காய்வைத் திட்டமிட 2018இல் வந்த ‘ப்ரிப்பேர்’ வழிகாட்டி முன்னாய்வுத் தேடலைத்தான் முதல் இனமாக வைத்திருக்கிறது. எந்தத் தளங்கள், எந்தச் சொற்கள், எந்த ஆண்டுகள், எவை ஏன் விலக்கப்பட்டன என்ற விவரம் இல்லாத விண்ணப்பத்தை நெறிமுறைக் குழுக்கள் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் நூலகர் ஒருவர் வாக்குரிமையோடு அமர வேண்டும். இவ்விரண்டையும் இம்மாநாடு தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.