ராஜா நடந்து வரும் வழி

2024ஆம் ஆண்டு டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலக சதுரங்கச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம், கடைசி ஆட்டம். சென்னைப் பையன் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் அதுவரை ஆளுக்கு ஆறரைப் புள்ளி. ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்தில் கொண்டுவந்து வைத்தார். அது பிழை என்று குகேஷுக்குப் புரிந்த கணத்தில் அவர் முகம் மாறியதைக் கேமராவில் உலகமே பார்த்தது.

அடுத்து நடந்ததுதான் இன்றைய என் பேச்சுக்கு முதல். குகேஷ் யானைக்கு யானை வெட்டினார். டிங்கின் பிஷப் பலகையின் மூலையில், ஏ8-இல், ஒதுங்கிக் கிடந்தது. குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் வைத்து அதையும் வெட்டுக்கு இழுத்தார். பிஷப்பும் போயிற்று. பலகையில் மிஞ்சியவை இரண்டு ராஜாக்கள், கறுப்பில் ஆடிய குகேஷுக்கு இரண்டு சிப்பாய், வெள்ளையில் ஆடிய டிங்குக்கு ஒன்று. டிங் தன் ராஜாவை இ3-க்கு நகர்த்தினார். குகேஷ் தன் ராஜாவை டி5-இலிருந்து பக்கவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகர்த்தி இ5-இல் நிறுத்தினார். டிங் கைகொடுத்துவிட்டார்.

உலகப் பட்டத்தை முடிவு செய்த அந்தக் கடைசி நகர்த்தலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எந்தக் காயையும் வெட்டவில்லை. செக் சொல்லவில்லை. ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரு கட்டம் காலியாக விட்டு, வந்து நின்றது. அவ்வளவுதான். ஆட ஆரம்பித்த காலத்தில் இதைப் பார்த்திருந்தால், "இதற்கா கைகொடுத்தார்?" என்று நானும் கேட்டிருப்பேன்.

ஆட்டத் தொடக்கத்தில் ராஜாவைக் கோட்டைக்குள் மூலையில் ஒளித்து வைக்கிறோம். யானையும் குதிரையும் ராணியும் போன பிறகு அதே ராஜா வெளியே வந்து நடக்கத் தொடங்குகிறது. ராஜாவால் எட்டுத் திசையிலும் போக முடியும், ஆனால் ஒரு தடவைக்கு ஒரு கட்டம்தான். அந்த ஒற்றைக் காலடியை எங்கே வைப்பது என்பதுதான் சிப்பாய் இறுதியாட்டத்தின் கலை. சதுரங்கத்தில் இதைவிட அழகான பகுதி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டில் பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று காய் போதும். வெள்ளை ராஜா இ4-இல். அதற்குப் பின்னால் இ3-இல் வெள்ளைச் சிப்பாய். கறுப்பு ராஜா இ6-இல். இரண்டு ராஜாக்களும் முகத்துக்கு முகம். இப்போது வெள்ளை நகர்த்த வேண்டிய முறை என்றால் ஆட்டம் டிரா. கறுப்பின் முறை என்றால் வெள்ளைக்கு வெற்றி. காய்களின் இடம் துளியும் மாறவில்லை, யார் முறை என்பது மட்டுமே முடிவைப் புரட்டிப்போடுகிறது. யார் முதலில் அசைய வேண்டியிருக்கிறதோ அவர் வழிவிட்டே ஆக வேண்டும். ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வந்து நின்ற இருவரைப் போல. ஆட்டக்காரர்கள் இதை ஆப்போசிஷன் என்கிறார்கள். குகேஷின் ராஜா இ5-இல் வந்து பிடித்தது இதைத்தான். வெள்ளை ராஜா எந்தப் பக்கம் விலகினாலும் மறுபக்கம் கறுப்புக்கு வழி திறந்துவிடும்.

தற்காப்பிலும் இதே கணக்குதான். வெள்ளை ராஜா இ5-இல், வெள்ளைச் சிப்பாய் இ6-இல், கறுப்பு ராஜா இ7-இல். கறுப்பு பின்வாங்கியாக வேண்டும். டி8, இ8, எஃப்8 என்று மூன்றே கட்டம், பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். என்னிடம் பயின்ற பத்து வயதுப் பையன் ஒருவன் ராஜாவை டி8-இல் வைத்தான். ஏன் என்று கேட்டேன். "சிப்பாய்க்கு நேரா நின்னா மாட்டிக்குவேன் சார்" என்றான். நான் வெள்ளை ராஜாவை டி6-இல் வைத்தேன். இப்போது எதிரெதிரே நிற்கும் இரண்டு ராஜாக்களில் விலக வேண்டியது அவனுடையது. அது இ8-க்குப் போக, சிப்பாய் இ7-க்கு ஏற, ராஜா எஃப்7-க்குத் தள்ளப்பட, என் ராஜா டி7-இல் நின்றது. இனிச் சிப்பாய் ராணியாவதைத் தடுக்க ஆளில்லை.

அவனை மறுபடி அதே நிலையில் உட்காரவைத்து, நேராகப் பின்னால் போகச் சொன்னேன். இ8. நான் டி6 என்றால் அவன் டி8. நான் எஃப்6 என்றால் அவன் எஃப்8. எந்தப் பக்கம் போனாலும் எதிரே வந்து நிற்கிறான். வேறு வழியில்லாமல் நான் சிப்பாயைத் தள்ள, அவன் ராஜா அதன் முன்னால் இ8-இல் நின்றது. சிப்பாயைக் காக்க நான் இ6-க்கு வந்தேன். அவனுக்கு நகர்த்த ஒரு கட்டமும் இல்லை, செக்கும் இல்லை. ஆட்டம் சமன். நகர இடமில்லாமல் நிற்பதே தன்னைக் காப்பாற்றியது என்று அவனுக்குப் புரிந்தபோது அவன் கண்கள் விரிந்ததை நான் மறக்கவில்லை.

இனி நடையின் திசைக்கு வருவோம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நேர்க்கோடுதான் குறுக்குவழி என்று பள்ளியில் படித்தோம். சதுரங்கப் பலகை அந்த விதிக்குக் கட்டுப்படாது. எச்8-இலிருந்து எச்2 வரை நேரே இறங்கினால் ஆறு அடி. எச்8-இலிருந்து குறுக்கே ஜி7, எஃப்6, இ5 என்று இறங்கி, அங்கிருந்து மறுபடி எஃப்4, ஜி3, எச்2 என்று திரும்பி வந்தாலும் ஆறே அடிதான். பலகையின் நடுவரைக்கும் சுற்றிவிட்டு வந்தாலும் ஓர் அடிகூடக் கூடவில்லை.

இந்த உண்மையிலிருந்து ரிச்சர்ட் ரெட்டி ஓர் அற்புதத்தைச் செய்தார். 1889இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்தவர், பெரிய ஆட்டக்காரர். 1921இல் அவர் நான்கே காய்களில் ஒரு புதிரை வெளியிட்டார். வெள்ளை ராஜா எச்8-இல். வெள்ளைச் சிப்பாய் சி6-இல். கறுப்பு ராஜா ஏ6-இல். கறுப்புச் சிப்பாய் எச்5-இல். வெள்ளை நகர்த்தி டிரா செய்ய வேண்டும்.

முதலில் பார்த்தால் நடக்கவே நடக்காது என்று தோன்றும். கறுப்புச் சிப்பாய் ராணியாக நான்கே அடி. அதைத் துரத்தினால் வெள்ளை ராஜா இரண்டு அடி பிந்திவிடும். சொந்தச் சிப்பாயைக் காக்கவும் வெகுதூரம், கறுப்பு ராஜாவோ பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் வெள்ளை ராஜா இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரே வழியில் இறங்குகிறது. ஜி7. கறுப்புச் சிப்பாய் எச்4. ராஜா எஃப்6. சிப்பாய் மேலும் ஓடினால் வெள்ளை ராஜா தன் சிப்பாயின் பக்கம் போய்விடும், இருவரும் ராணி எடுப்பார்கள், டிரா. ஆகவே கறுப்பு ராஜா பி6-க்கு வந்து வெள்ளைச் சிப்பாயை மிரட்டுகிறது. இப்போது வெள்ளை ராஜா இ5. கறுப்பு சி6-இல் வெட்டினால், ராஜா எஃப்4-க்கு வந்து ஓடும் சிப்பாயைப் பிடித்துவிடும். வெட்டாமல் சிப்பாயை ஓட்டினால், ராஜா டி6-க்குப் போய்த் தன் சிப்பாயைக் கரையேற்றும்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருப்பவனை நாம் பழிப்போம். ரெட்டியின் ராஜா அப்படித்தான் நடந்து பிழைக்கிறது. எங்கே போகிறேன் என்று கடைசிவரை சொல்லாத நடை அது. நூறு ஆண்டு கடந்தும் இதை முதன்முறை பார்ப்பவர்கள் பலகையை மறுபடி அடுக்கிச் சரிபார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் அடுக்கிப் பார்த்தேன்.

அதே 1921இல் பெர்லினில் ஷ்லாகேவும் ஆஹுஸும் ஆடிய ஆட்டம் ஒன்று, இதே உண்மையைத் தவறவிட்டவர் படும் பாட்டைக் காட்டுகிறது. வெள்ளை ராஜா இ6-இல், சிப்பாய் ஏ6-இல். கறுப்பு ராஜா சி3-இல், சிப்பாய் ஏ7-இல். வெள்ளை ராஜா நான்கடியில் ஏ7-ஐ வெட்டலாம். டி6 வழியாகப் போனாலும் நான்கு, டி5 வழியாகப் போனாலும் நான்கு. ஷ்லாகே டி6-ஐத் தேர்ந்தார். கறுப்பு ராஜா டி4, இ5, டி6 என்று சுற்றி சி7-க்கு வந்து வெள்ளை ராஜாவை மூலையில் அடைத்துவிட்டது. டிரா. டி5 போயிருந்தால் வெள்ளை ராஜா போகிற போக்கில் கறுப்பு ராஜாவின் வழியில் தோள் கொடுத்து நிறுத்தியிருக்கும். திருவிழாக் கூட்டத்தில் யாரையும் தள்ளாமல், தோளைச் சற்றே திருப்பி நின்று பின்னால் வருபவரைத் தாமதப்படுத்துவோமே, அது மாதிரி. கறுப்பு ஓர் அடி பிந்தியிருக்கும், அந்த ஓர் அடி போதும்.

முக்கோண நடை என்று இன்னொன்று உண்டு. ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு ஓர் அடியில் போகாமல் இரண்டு அடியில் சுற்றிப் போய், முறையை எதிராளியின் தலையில் கட்டிவிடும். எதிரி ராஜாவுக்கு அப்படிச் சுற்ற இடமில்லாதபோதுதான் இது பலிக்கும். இந்தக் கணக்கைப் பலகை முழுவதற்கும் விரித்து, வெள்ளை ராஜா இந்தக் கட்டத்தில் நின்றால் கறுப்பு ராஜா எந்தக் கட்டத்தில் நின்றாக வேண்டும் என்று ஜோடி சேர்த்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் மார்செல் துஷாம். நவீன ஓவியத்தையும் சிற்பத்தையும் புரட்டிப்போட்ட அதே துஷாம்தான். பிரான்சுக்காக ஒலிம்பியாடில் ஆடியவர். 1932இல் ஹால்பர்ஷ்டாட்டுடன் சேர்ந்து ஒரு முழுப் புத்தகத்தையே இதற்காக எழுதினார். நேரடி ஆட்டத்தில் அபூர்வமாகவே வரும் நிலைகள் அவை. ஆனாலும் ஒரு கலைஞன் அங்கே வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்ததில் எனக்கு வியப்பில்லை. அத்தனை துல்லியம் வேறெங்கும் கிடைக்காது.

கடைசியாக, சதுரங்கம் கற்றுக்கொடுக்கும் நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இன்று பிள்ளைகள் எட்டு வயதிலேயே பதினைந்து நகர்த்தல் வரை தொடக்க ஆட்டத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். மூன்றே காய் மிஞ்சியதும் கை நடுங்குகிறது. சதுரங்க மேதை காபபிளாங்கா 1921இல் வெளியிட்ட பாடநூலைத் தொடக்க ஆட்டத்தில் ஆரம்பிக்கவில்லை, எளிய முடிவுகளிலிருந்தே ஆரம்பித்தார். வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளைக்கு இரண்டு ராஜாவையும் ஒரு சிப்பாயையும் மட்டும் கொடுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். ராஜாவை எங்கே வைப்பது என்று அவர்களே தேடட்டும். அப்புறம் ஒருநாள் ரெட்டியின் நான்கு காய்களை அடுக்கிவைத்துவிட்டு நீங்கள் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுங்கள்.