பழைய கணினிக்கு ஏற்ற வழி
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



அண்மையில் ஓர் அப்பா என்னிடம் வந்தார். "சார், வீட்டுக் கணினி பழசாப் போச்சு. விண்டோஸ் 10க்கு இனிமே பாதுகாப்பு வராதாம். எடைக்குப் போட்டுடவா?" என்று கேட்டார். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மைதான். ஆனால், கணினி நன்றாக ஓடுகிறதே! பிள்ளையின் படிப்புக்கு இருக்கும் ஒரே கணினியை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

லினக்ஸ் என்று ஓர் இயங்குதளம் உண்டு. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. அதன் மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. நான் இங்கே சொல்லப்போகும் வகைகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை; பக்கத்து வீட்டுக்காரருக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம். வகைகளோ பல. 'எது உயர்ந்தது?' என்று கேட்காதீர்கள். 'என் பழக்கத்துக்கு எது பொருந்தும்?' என்று கேளுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கெட்டிக்காரர்கள் புகழ்கிறார்களே என்று எடுத்த எடுப்பிலேயே 'ஆர்ச் லினக்ஸ்' வகையை நிறுவப் போனேன். கறுப்புத் திரைதான் வந்தது. கட்டளைகளை நாமே தட்ட வேண்டும். ஒரு வரியைத் தப்பாகத் தட்டினேன். நம் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிப் படங்கள் அத்தனையும் அழிந்தன. குற்றம் அந்த மென்பொருளுடையதல்ல, என் அவசரந்தான்.

பால்மரம் வெட்டப் பழகுகிறவர் கையில் முதல் நாளே நல்ல மரத்தைக் கொடுப்போமா? கத்தி ஆழமாக இறங்கினால் பட்டை கெட்டுப்போகுமே! கணினியிலும் அப்படித்தான்.

புதியவர்கள் 'லினக்ஸ் மின்ட்' அல்லது 'உபுண்டு' எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணினிக்கு மின்டின் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பு இலேசானது. ஓரளவு பழகியவர்களுக்கு 'டெபியன்', 'ஃபெடோரா' ஏற்றவை. உள்ளே நடப்பதை அறிய ஆசையும் நேரமும் உள்ளவர்கள் ஆர்ச் பக்கம் போகலாம்.

எதைச் செய்தாலும், முதலில் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறகு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். இணையம் வருகிறதா? ஒலி கேட்கிறதா? அச்சு இயந்திரம் வேலை செய்கிறதா? பள்ளிப் பாடத்துக்கு வேண்டியவை ஓடுகின்றனவா? எல்லாம் சரியென்றால் நிறுவுங்கள்.

அந்த அப்பாவின் மகள் இப்போது அதே பழைய கணினியில், மின்ட் போட்டுத் தமிழில் கட்டுரை எழுதுகிறாள்.

பிள்ளைகளே, 'எனக்கு இன்னும் தெரியாது' என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். நான் வெட்கப்பட்டேன், உங்கள் படங்கள் போயின.